பெரிய கணு பெரிய கணுவோடுதான் சேருமா? அசார்ட்டேட்டிவிட்டியை அளப்பதும் புரிந்துகொள்வதும்

கேள்வி இது: ஒரு வலையமைப்பில் நிறைய இணைப்பு உள்ள கணுக்கள் (ஆள், கணினி, புரதம் என்று இணைப்புகளால் கோக்கப்படும் புள்ளிகள்) தங்களைப் போன்றவற்றோடு சேர்கின்றனவா, இல்லை குறைந்த இணைப்பு உள்ளவற்றோடு சேர்கின்றனவா என்பதை எப்படி அளப்பது? மென்பொருள் −0.2 என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் அதை வைத்து என்ன முடிவுக்கு வரலாம்?

ஒத்தவை ஒத்தவற்றோடு சேரும் இந்தப் போக்கைத்தான் அசார்ட்டேட்டிவிட்டி என்கிறார்கள். முதல் பாதிக்குப் பதில் சுலபம். இரண்டாம் பாதிதான் கடினம், அதனால் பெரும்பாலும் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரு கணுவுக்கு எத்தனை இணைப்புகள் இருக்கின்றனவோ அதுதான் அதன் டிகிரி. ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முனையில் உள்ள கணுவின் டிகிரியை முதல் பத்தியிலும், மறுமுனையில் உள்ளதன் டிகிரியை இரண்டாம் பத்தியிலும் எழுதுங்கள். திசையில்லாத வலையமைப்பில் எந்த முனை முதல், எந்த முனை இரண்டாவது என்று கிடையாது. அதனால் அதே இணைப்பை முனைகளை மாற்றிப் போட்டு இன்னொரு முறையும் எழுத வேண்டும். நூறு இணைப்பு இருந்தால் இருநூறு வரிசைகள் வரும். இப்போது இந்த இரண்டு பத்திகளுக்கும் இடையே கார்ல் பியர்சன் ஒட்டுறவுக் கெழுவைக் (இரண்டு பட்டியல்களின் எண்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று −1 முதல் +1 வரை சொல்லும் எண்) கணக்கிடுங்கள். அவ்வளவுதான். 2002இல் மார்க் நியூமன் முன்வைத்த டிகிரி அசார்ட்டேட்டிவிட்டி கெழு இதுவே.

விடை +1ஐ நெருங்கினால் ஒத்த டிகிரி உள்ளவை ஒன்றோடொன்று சேர்கின்றன. எதிர்மறையாக வந்தால் பெரியவை சிறியவற்றோடு சேர்கின்றன. சுழியம் என்றால் இரண்டு முனைகளின் டிகிரிக்கும் இடையே நேர்கோட்டு உறவு எதுவும் தெரியவில்லை. நடுவில் ஒரு கணுவும் சுற்றிலும் மற்றவையும் இருக்கும் நட்சத்திர வடிவத்துக்குச் சரியாக −1 வரும். எல்லாக் கணுக்களுக்கும் ஒரே டிகிரி என்றால் கெழுவே கிடையாது, ஏனென்றால் வகுக்கும் எண் சுழியமாகிவிடும். மென்பொருள் அந்த இடத்தில் எண் இல்லை என்று காட்டினால் பதற வேண்டாம், அதுதான் சரியான விடை.

நியூமனின் மூலக் கட்டுரையைப் படிப்பவர்கள் ஓரிடத்தில் குழம்புவார்கள். அவர் டிகிரியை எடுக்காமல் 'மிச்ச டிகிரி'யை எடுத்திருப்பார். அதாவது நாம் வந்து சேர்ந்த இணைப்பை விட்டுவிட்டு மீதியை எண்ணுவது. இரண்டு பத்திகளிலும் எல்லா எண்களிலிருந்தும் ஒன்றைக் கழித்தால் ஒட்டுறவு மாறாது. ஆகவே எப்படிச் செய்தாலும் ஒரே விடைதான்.

சரி, கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிகச் சிறிய கணக்குதான், ஆனால் இந்தக் கெழுவைப் பற்றி நான் சொல்ல விரும்புவதில் பாதி இதற்குள் இருக்கிறது.

ஐந்து கணுக்கள்: அ, ஆ, இ, ஈ, உ. அ, ஆ, இ மூன்றும் ஒரு முக்கோணம். ஈயும் உவும் தனியாகத் தங்களுக்குள் இணைந்திருக்கின்றன. மொத்தம் நான்கு இணைப்புகள். டிகிரிகள் 2, 2, 2, 1, 1. நான்கு இணைப்பையும் இருமுறை எழுதினால் ஒரு பத்தியில் எட்டு எண்கள் வரும்: ஆறு 2, இரண்டு 1. சராசரி 14 ÷ 8 = 1.75. வர்க்கங்களின் சராசரி 26 ÷ 8 = 3.25. விலக்க வர்க்கச் சராசரி (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 3.25 − 1.75 × 1.75, அதாவது 3.25 − 3.0625 = 0.1875. இனி ஒவ்வொரு இணைப்பின் இரு முனைகளையும் பெருக்குங்கள்: முக்கோணத்தில் 4, 4, 4, தனி இணைப்பில் 1. சராசரி 13 ÷ 4 = 3.25. கெழு = (3.25 − 3.0625) ÷ 0.1875 = 1. இரண்டு இரண்டோடும், ஒன்று ஒன்றோடும் மட்டுமே சேர்ந்திருப்பதால் +1 வருவது நியாயம்தான்.

இப்போது அ–ஆ இணைப்பையும் ஈ–உ இணைப்பையும் வெட்டிவிட்டு, அ–ஈ என்றும் ஆ–உ என்றும் ஒட்டுங்கள். யாருடைய டிகிரியும் மாறவில்லை. ஆனால் வலையமைப்பு ஈ–அ–இ–ஆ–உ என்று ஒரே நீளச் சங்கிலியாகிவிட்டது. சராசரி அதே 1.75, விலக்க வர்க்கச் சராசரி அதே 0.1875. மாறுவது பெருக்கல் மட்டும்: 2, 4, 4, 2. சராசரி 3. கெழு = (3 − 3.0625) ÷ 0.1875 = −⅓.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. டிகிரிப் பட்டியல் நிலையாக இருக்கும்போது கெழுவைத் தீர்மானிப்பது இணைப்புகளின் முனைப் பெருக்கற்பலன் மட்டுமே. மற்ற எல்லாம் பட்டியலிலிருந்தே வந்துவிடும். அடுத்தது, 2, 2, 2, 1, 1 என்ற பட்டியலை வைத்து எளிய வலையமைப்பு (இரு கணுக்களுக்கிடையே ஒரே இணைப்பு, தன்னோடு தானே இணையாமை) கட்டினால் இந்த இரண்டு வடிவங்களைத் தவிர வேறு வடிவமே கிடையாது. ஆகவே இந்தப் பட்டியலுக்குக் கெழு ஒன்று +1, இல்லையேல் −⅓. எவ்வளவு முயன்றாலும் −1 வராது. ஆக, '−1 முதல் +1 வரை' என்று புத்தகத்தில் இருக்கும் அளவுகோல் உங்கள் வலையமைப்புக்கு முழுதாகத் திறந்திருக்கும் என்று உறுதியில்லை.

இன்னும் ஒன்று. கணுக்களுக்குப் பெயர் இருப்பதால் எத்தனை வெவ்வேறு வலையமைப்புகள் சாத்தியம் என்று எண்ணிப் பாருங்கள். முக்கோண வடிவம் ஒன்றுதான். சங்கிலி வடிவத்தில் நடுவில் உள்ள மூன்றையும் ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். மொத்தம் ஏழு. எந்த விருப்பமும் இல்லாமல் இந்த ஏழில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் எதிர்பார்க்கும் கெழு என்ன? (1 − 6 × ⅓) ÷ 7 = −1/7, சுமார் −0.14. சுழியம் இல்லை! யாரும் யாரையும் தேடிப் போகாத, முழுக்கத் தற்செயலான சேர்க்கையிலேயே எதிர்மறை எண் வருகிறது. '−0.2 வந்துவிட்டது, ஆகவே பெரிய கணுக்கள் சிறியவற்றை விரும்புகின்றன' என்று எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரும் இந்தச் சின்னக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இது ஐந்து கணுக்களின் விளையாட்டு மட்டும் இல்லை. பெரிய வலையமைப்பில் இதற்கான காரணம் இன்னும் தெளிவாகத் தெரியும். மொத்தம் 1000 இணைப்பு உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு பெரிய கணுக்களுக்கு டிகிரி 100, 80. முனைகளைத் தற்செயலாக இணைத்துக்கொண்டே போனால் இந்த இரண்டுக்கும் நடுவில் சராசரியாக 100 × 80 ÷ 2000 = 4 இணைப்புகள் விழ வேண்டும். ஆனால் எளிய வலையமைப்பில் ஒன்றுதான் அனுமதி. மீதி எங்கே போகும்? சின்னக் கணுக்களிடம்தான். பெரியவை ஒன்றையொன்று தவிர்க்கவில்லை, அவற்றுக்குள் சேர இடம் இல்லை. இப்படி வரும் எதிர்மறையைக் கட்டமைப்பு சார்ந்த டிஸ்அசார்ட்டேட்டிவிட்டி என்பார்கள். இணையத்தின் எதிர்மறைக் கெழுவில் ஒரு பகுதி இதனால்தான் வருகிறது, ஆனால் முழுவதும் இல்லை என்று ஜூயோங் பார்க்கும் நியூமனும் 2003இல் காட்டினார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? மேலே அ–ஆ, ஈ–உ இணைப்புகளை வெட்டி ஒட்டினோமே, அதுதான் வழி. உங்கள் வலையமைப்பில் தற்செயலாக இரண்டு இணைப்புகளை எடுத்து முனைகளை மாற்றி ஒட்டுங்கள். ஏற்கெனவே உள்ள இணைப்பு மறுபடி உருவானாலோ, ஒரு கணு தன்னோடு தானே இணைந்தாலோ அந்த முயற்சியைக் கைவிட்டு விடுங்கள். இணைப்புகளின் எண்ணிக்கையைப் போலப் பத்து மடங்கு முறை இதைச் செய்வது பரவலான நடைமுறை. டிகிரிப் பட்டியல் அப்படியே இருக்கும், மற்ற ஒழுங்கெல்லாம் கலைந்துவிடும். இப்படிச் சில நூறு பிரதிகள் உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் கெழுவைக் கணக்கிடுங்கள். உங்கள் −0.2 அந்தக் கூட்டத்தின் நடுவில் விழுந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கூட்டத்தை விட்டுத் தெளிவாக வெளியே நின்றால்தான் பேசத் தொடங்கலாம். செர்கெய் மாஸ்லோவும் கிம் ஸ்னெப்பனும் 2002இல் புரதங்களின் வலையமைப்பை இந்த முறையில்தான் ஆராய்ந்தார்கள். நெட்வொர்க்எக்ஸ், ஐகிராஃப் என்ற வலையமைப்பு மென்பொருள் தொகுப்புகள் இரண்டிலும் கெழுவுக்கும் இந்த வெட்டி ஒட்டும் வேலைக்கும் தயாரான செயற்கூறுகள் இருக்கின்றன. ஒரு மாலைக்குள் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் கெழுவை மட்டும் அறிக்கையில் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

உண்மையான வலையமைப்புகளில் வந்த எண்களைப் பார்த்தால் ஒரு அளவுகோல் மனதில் படியும். நியூமனின் 2002 கட்டுரையில் இயற்பியல் கட்டுரைகளைச் சேர்ந்து எழுதியவர்களின் வலையமைப்புக்கு 0.363, திரைப்பட நடிகர்களுக்கு 0.208, நிறுவன இயக்குநர்களுக்கு 0.276, கணிதவியலாளர்களுக்கு 0.120. மறுபக்கம் இணையத்துக்கு −0.189, புரத வலையமைப்புக்கு −0.156, 307 கணுக்கள் கொண்ட நரம்பு வலையமைப்புக்கு −0.163, 92 இனங்கள் கொண்ட ஓர் உணவு வலைக்கு −0.276. இந்தப் பட்டியலிலிருந்து 'மனிதர்களின் வலையமைப்பு நேர்மறை, இயந்திரமும் உயிரியலும் எதிர்மறை' என்ற வாய்பாடு பரவிவிட்டது. அதை அப்படியே விழுங்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, வேய்ன் சாக்கரி 1977இல் வெளியிட்ட கராத்தே சங்கத்தின் நட்பு வலையமைப்பு. 34 பேர், 78 இணைப்புகள். இந்தத் துறைக்கு வருகிற எல்லாரும் முதலில் தொட்டுப் பார்க்கிற தரவு இதுதான். சுத்தமான மனித உறவுகள், ஆனால் கெழு சுமார் −0.476! சங்கத்தின் பயிற்சியாளருக்கு 16 இணைப்பு, நிர்வாகிக்கு 17. இருவருக்கும் நடுவே பிணக்கு, நேரடி இணைப்பு கிடையாது. ஒவ்வொருவரைச் சுற்றியும் குறைந்த இணைப்பு உள்ள உறுப்பினர்கள். இரண்டு நட்சத்திரங்களை லேசாக ஒட்டிவைத்த மாதிரியான அமைப்பு, ஆகவே எதிர்மறை. மனிதர்கள் என்பதாலேயே நேர்மறை வந்துவிடாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். மேலே நேர்மறை வந்த வலையமைப்புகள் எப்படிக் கட்டப்பட்டன என்று பாருங்கள். ஒரே படத்தில் நடித்த எல்லாரையும் ஒருவரோடொருவர் இணைத்துவிடுகிறார்கள். ஒரே கட்டுரையை எழுதியவர்கள், ஒரே இயக்குநர் குழுவில் இருப்பவர்கள், எல்லாமே இந்த மாதிரிதான். ஐம்பது பேர் நடித்த ஒரு படம் 1225 இணைப்புகளைக் கொண்டுவந்து கொட்டும். அந்த ஐம்பது பேருக்கும் டிகிரி குறைந்தது 49 ஆகிவிடும், அவர்களின் அண்டைக் கணுக்களுக்கும் குறைந்தது 49தான். மூன்று பேர் நடித்த படம் மூன்று இணைப்பைத் தரும். அந்த மூவர் வேறு எதிலும் நடிக்கவில்லை என்றால் எல்லாருக்கும் டிகிரி 2. புகழ்பெற்றவர் புகழ்பெற்றவரைத் தேடிப் போகாமலேயே பெரிய குழுவில் இருப்பவர்கள் பெரிய டிகிரியோடும், சிறிய குழுவில் இருப்பவர்கள் சிறிய டிகிரியோடும் சேர்ந்துவிட்டார்கள். கெழு மேலே ஏறுகிறது. மனித வலையமைப்புகள் மற்றவற்றிலிருந்து வேறுபடுவதற்கு இந்தக் குழு அமைப்பு பெருமளவு விளக்கம் தருகிறது என்று நியூமனும் பார்க்கும் அதே 2003இல் வாதிட்டார்கள்.

ஆகவே உங்கள் தரவு ஆட்களையும் குழுக்களையும் கொண்டு செய்யப்பட்டது என்றால், வெட்டி ஒட்டும் வேலையை ஆட்களுக்கு இடையிலான இணைப்புகளில் செய்யாதீர்கள். ஆள்–குழு உறுப்பினர் பட்டியலில் செய்யுங்கள். யார் எத்தனை குழுவில், எந்தக் குழுவில் எத்தனை பேர் என்பதை நிலையாக வைத்துக் கலைத்துவிட்டு, அப்புறம் ஆட்களின் வலையமைப்பை உருவாக்கிக் கெழுவைப் பாருங்கள். நேர்மறையாகத் தெரிந்த எண்ணில் எவ்வளவு குழு அளவுகளிலிருந்தே வந்தது என்பது அப்போது தெரியும்.

இனி இந்தக் கெழுவின் உள்ளே இருக்கும் ஒரு பலவீனம். வகுக்கும் எண்ணில் முனைகளின் டிகிரி வர்க்கங்களுக்குச் சராசரி எடுக்கிறோம். டிகிரி 100 உள்ள கணு பத்தியில் நூறு முறை வருகிறது. ஆக அதன் பங்கு 100 × 100 × 100, அதாவது டிகிரியின் மும்மடிப் பெருக்கம். பெரும்பாலான கணுக்களுக்கு மிகச் சிறிய டிகிரியும் ஓரிரு கணுக்களுக்குப் பிரமாண்டமான டிகிரியும் உள்ள வலையமைப்பில் இந்த எண் அந்த ஓரிருவராலேயே நிரம்பிவிடும். வலையமைப்பு வளர வளர வகுக்கும் எண் மேலே உள்ள தொகுதியை விட வேகமாக ஊதிக்கொண்டே போக, எதிர்மறைக் கெழு சுழியத்தை நோக்கி நகர்ந்துவிடும். சேர்க்கை முறை மாறாமல் அளவு மட்டும் மாறினாலும் எண் மாறுகிறது என்று பொருள். நெல்லி லிட்வாக்கும் ரெம்கோ வான் டெர் ஹோஃப்ஸ்டாடும் 2013இல் இதைக் கணித ரீதியாகவே நிறுவி, பியர்சனுக்குப் பதிலாக ஸ்பியர்மன் தர ஒட்டுறவைப் பயன்படுத்தச் சொன்னார்கள். டிகிரிகளுக்குப் பதிலாக அவற்றின் தர வரிசை எண்களை எடுத்து அதே கணக்கு. ஒரே டிகிரி உள்ளவை ஏராளமாக இருக்கும் என்பதால் சமநிலைத் தரங்களை எப்படிக் கையாள்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதிவையுங்கள். வெவ்வேறு அளவுள்ள இரண்டு வலையமைப்புகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால் நான் பியர்சனைத் தொடவே மாட்டேன்.

எந்த ஒட்டுறவாக இருந்தாலும் அது ஒரே எண். வளைவுகளை அது மறைத்துவிடும். அதனால் ஒரு படமும் வரையுங்கள்: கிடை அச்சில் டிகிரி, நிலை அச்சில் அந்த டிகிரி உள்ள கணுக்களின் அண்டைக் கணுக்களுடைய சராசரி டிகிரி. கோடு ஏறினால் ஒத்தவை சேர்கின்றன, இறங்கினால் மாறாக. பாஸ்டர்-சடோராஸ், வாஸ்கெஸ், வெஸ்பிக்னானி மூவரும் 2001இல் இணையத்தை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். அங்கே கோடு டிகிரியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தை ஒட்டி இறங்கியது. பல தரவுகளில் கோடு முதலில் ஏறிப் பிறகு இறங்கும். கெழு சுழியத்துக்குப் பக்கத்தில் வரும், 'எந்த ஒழுங்கும் இல்லை' என்று தோன்றும், ஆனால் படத்தில் இரண்டு வெவ்வேறு கதைகள் தெரியும். இந்தப் படத்தில் கோடு தட்டையாக இருந்தால்கூட அது கணுக்களின் சராசரி டிகிரியை விட உயரத்தில் நிற்கும். நம் ஐந்து கணுக்களிலேயே பாருங்கள்: கணுக்களின் சராசரி 1.6, இணைப்பு முனைகளின் சராசரி 1.75. பெரிய கணு பல பேரின் அண்டையில் இருப்பதால் வரும் வித்தியாசம் இது. 'உன் நண்பர்களுக்கு உன்னை விட நண்பர்கள் அதிகம்' என்று ஸ்காட் ஃபெல்ட் 1991இல் விளக்கியதும் இதையேதான். இதை அசார்ட்டேட்டிவிட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதை அளப்பதால் என்ன பயன் என்று கேட்டால், நோய்ப் பரவல் நல்ல உதாரணம். பெரியவை பெரியவற்றோடு சேர்ந்திருக்கும் வலையமைப்பில் நடுவில் ஒரு அடர்ந்த மையம் உருவாகிறது. மொத்த இணைப்புகள் குறைவாக இருந்தாலும் நோய் அந்த மையத்துக்குள் தங்கிச் சுழல முடியும், ஆனால் விளிம்புக்கு அவ்வளவாகப் பரவாது. பெரிய கணுக்களை ஒவ்வொன்றாக நீக்கினாலும் மையம் எளிதில் உடையாது, ஏனென்றால் அவற்றின் இணைப்புகள் ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எதிர்மறை வலையமைப்பில் பெரிய கணுக்கள் எங்கும் பரவிக் கிடந்து மொத்தத்தையும் கட்டிப் பிடித்திருக்கின்றன, சிலவற்றை எடுத்தாலே சிதறிவிடும். தடுப்பூசிக்கு அது வசதி, சேவையகங்களைக் காப்பவருக்கு அது தலைவலி.

டிகிரியை விட்டுவிட்டு மொழி, தொழில், வயது போன்ற பண்புகளில் ஒத்தவை சேர்கின்றனவா என்று கேட்டால் அது வேறு கெழு. எண்ணாக உள்ள பண்புக்கு (வயது) மேலே சொன்ன அதே ஒட்டுறவு போதும். வகையாக உள்ள பண்புக்கு, ஒரே வகைக்குள் விழும் இணைப்புகளின் பங்கிலிருந்து தற்செயலாக எதிர்பார்க்கும் பங்கைக் கழித்து, ஒன்றிலிருந்து அந்த எதிர்பார்க்கும் பங்கைக் கழித்ததால் வகுக்க வேண்டும். இரண்டு வகைகள், முனைகள் சரிபாதி, இணைப்புகளில் 80 சதவீதம் ஒரே வகைக்குள் என்றால் (0.8 − 0.5) ÷ (1 − 0.5) = 0.6. ஒரு வலையமைப்பு மொழியால் கெட்டியாகப் பிரிந்திருந்து, அதே நேரத்தில் டிகிரியில் எதிர்மறையாக இருப்பதில் எந்த முரண்பாடும் இல்லை. இரண்டு கணுக்களுக்குப் பொதுவான அண்டைக் கணுக்கள் எத்தனை என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு ஜக்கார்ட் போன்ற அளவைகள் இருக்கின்றன, இந்தக் கெழு அதைச் சொல்லாது.

கடைசியாக, உங்கள் இணைப்புகளுக்குத் திசை இருந்தால் (யார் யாரைப் பின்தொடர்கிறார் என்பது போல), ஒரே கெழுவோடு நிறுத்தாதீர்கள். வெளிச்செல்லும் டிகிரி, உள்வரும் டிகிரி இரண்டும் இருப்பதால் தொடங்கும் முனைக்கு ஒன்று, முடியும் முனைக்கு ஒன்று என்று நான்கு சேர்க்கைகள் வரும், நான்குக்கும் வெவ்வேறு எண்கள் வரலாம். இங்கே இணைப்பை இருமுறை எழுதவும் கூடாது, திசையே தகவல். வெட்டி ஒட்டும்போதும் வால் (தொடங்கும் முனை) வாலாகவும் தலை (முடியும் முனை) தலையாகவும் இருக்க வேண்டும். திசையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கணக்கிட்ட −0.2 என்றால், முதலில் அதைத்தான் திருத்த வேண்டும்.